வெள்ளிமலை டீக்கடையில் எடுத்த மாதிரி

காலை ஏழரை மணிக்குக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பேருந்தில் ஏறினேன். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நான் உணவுப் பாதுகாப்பு அலுவலர். மலைக்கடைகளில் சாயம் கலந்த டீத்தூள் போடுவதாகப் புகார் வந்திருந்தது. பையில் காலி டப்பாக்கள், அரக்கு, நூல், படிவங்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வளைவுகளில் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

ஒன்பதே கால். வெள்ளிமலையில் இறங்கியதும் எதிரிலேயே மல்லிகாவின் டீக்கடை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, ஈரத் தாளில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினேன். உடனே சாயத்தின் ஆரஞ்சு நிறம் படர்ந்தது. மல்லிகா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் புள்ளைங்களும் இதத்தான் குடிக்குது மேடம். நான் ஒண்ணும் கலக்கல. கள்ளக்குறிச்சி மண்டியில வாங்கிக்கினு வரேன்."

"பில் இருக்கா?"

"இன்னா பில்லு? கட்டிக் குடுப்பாங்க, அவ்ளோதான்."

அரை கிலோ தூளை விலை கொடுத்து வாங்கி, நான்கு பங்காக்கி முத்திரை வைத்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு யாரும் முன்வரவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த பேருந்து ஓட்டுநர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தெனம் குடிக்கிறவன் நாந்தான். குடுங்க, போடறேன்."

பில் இல்லாவிட்டால் வழக்கு உங்கள்மேல்தான் நிற்கும் என்று மல்லிகாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"நானும் வரேன். வாங்கற கடைய காட்டறேன்."

பன்னிரண்டே முக்கால் மணிக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இருந்தோம். மல்லிகா காட்டிய கடையின் வரிசையில் நான் நான்கு பேருக்குப் பின்னால் நின்றேன். மல்லிகா எப்போதும் வாங்கும் தூளைக் கேட்டார். கடைக்காரர் சாக்கிலிருந்து அள்ளி எடைபோட்டார். நான் முன்னே வந்து அட்டையைக் காட்டினேன்.

"இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க" என்றார் அவர்.

"நாலு வருசமா வாங்கறேன், தெரியாதா?" மல்லிகாவின் குரல் உயரவில்லை.

அதே சாக்கிலிருந்து இரண்டாவது மாதிரி எடுத்தேன். இம்முறை சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு விவசாயி தானே பேனா கேட்டு வாங்கினார்.

மாலை நாலரை பேருந்தில் மல்லிகாவை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டார்:

"நாளைக்கு எனக்குத் தூள் யாரு மேடம் குடுப்பாங்க? இந்தத் தெருவுல இனிமே ஒருத்தரும் குடுக்கமாட்டாங்களே."

பேருந்து புறப்பட்டது. பதினான்கு நாளில் ஆய்வறிக்கை வந்தது: இரண்டு மாதிரியிலும் ஒரே சாயம். அந்த மண்டிக் கடைக்காரர்மேல் வழக்குப் போட்டோம். மல்லிகாவைச் சாட்சியாகச் சேர்த்தேன். சம்மனைக் கொடுக்க மறுபடி மலையேறினேன். கடை பூட்டியிருந்தது. அவர் மலைக்கு அந்தப் பக்கமுள்ள ஆத்தூருக்குத் தூள் வாங்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.