மாமா பாதியில் எழுந்த நாடகம்

என் மாமாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரிந்திருக்காது. கதாநாயகனின் அப்பாவாகவோ, ஊர்ப் பெரியவராகவோ, நேர்மையான தலைமையாசிரியராகவோ வந்து இடைவேளைக்கு முன்பே செத்துப்போவார். அவர் செத்தால்தான் கதாநாயகனுக்குக் கோபம் வரும், படம் நகரும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரை அடையாளம் கண்டுகொள்கிறவர்கள், "சார், நீங்க கிணத்துல விழுந்து சாவீங்களே, அந்தப் படம் பேரு என்னா சார்?" என்று அவரிடமே கேட்பார்கள். மாமாவும் நின்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வருவார்.

அவர் அம்மாவின் அண்ணன். சிதம்பரத்துக்காரர். மீசை முளைக்கும் முன்பே அங்கே ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, நெய்வேலி, பண்ருட்டி, மாயவரம் என்று மேடை மேடையாக நடித்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் சினிமாவுக்குள் நுழைந்தார். நடிப்பை விட அந்த நரைதான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது என்று அம்மா கேலி செய்வாள். சினிமா வந்த பிறகும் அவர் நாடகத்தை விடவில்லை. சென்னையில் படப்பிடிப்பு முடிந்து ஊர் திரும்பும்போதெல்லாம் கடலூரில் இறங்கி, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த பஸ் பிடிப்பார்.

அவர் சாவதை முதன்முதலாக டிவியில் பார்த்த அன்று நான் அழுது ஊரைக் கூட்டிவிட்டேன். அம்மா போன் போட்டுக் கொடுத்து, மாமாவின் குரலைக் கேட்ட பிறகும் நம்பவில்லை. அடுத்த முறை வந்தவர் பையை வைத்த கையோடு எங்கள் கூடத்தில் தொப்பென்று விழுந்து செத்தார். நான் கத்தத் தொடங்குவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா? சீன் முடிஞ்சதும் எழுந்து வந்துருவேன். அவ்ளோதான் சாவு" என்றார்.

அதன்பின் அது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து, செத்துக் காட்டச் சொல்வேன். "இரு பாப்பா, டீய குடிச்சிட்டு சாவறேன்" என்பார். கத்திக்குத்துச் சாவு, மாரடைப்புச் சாவு, பாலில் விஷம் கலந்த சாவு என்று கேட்டதையெல்லாம் செய்வார். எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பது என் அப்பாதான். "மச்சான், இந்தத் தடவ கண்ண மூடாம சாவுங்க, பாப்போம்" என்று அவரும் தன் பங்குக்குக் கேட்பார்.

அப்பா கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் கம்பெனியின் வண்டி ஓட்டினார். சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்கு நேரத்தோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அழாமல் இருந்தது நான் ஒருத்திதான். சட்டை மாற்றி, தலை சீவி, அப்பாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா சிதம்பரத்திலிருந்து கிடைத்த வண்டிகளில் தொற்றி வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மாமா, சீன் முடிஞ்சிருச்சின்னு அப்பாகிட்ட சொல்லு மாமா" என்றேன்.

மாமாவின் முகம் ஆடிப்போனதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. எத்தனையோ படங்களில் எத்தனையோ விதமாக அழுத முகம்தான். ஆனால் அந்த மாதிரி ஒரு முகத்தை அவர் எந்தப் படத்திலும் காட்டியதில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தார். அங்கே நின்று, "பாப்பா, மாமா உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன். நான் செஞ்சது வெளையாட்டு. இது நெசம். அப்பா எழுந்திருக்க மாட்டாரு" என்றார். நான் நம்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடும்வரை காத்திருந்தேன். அப்போதுதான் நம்பினேன்.

நம்பியது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. படுத்தவர்கள் யாரும் இனி எழுந்திருக்க மாட்டார்கள் என்று என் மனதில் விழுந்துவிட்டது. அம்மா மதியம் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், தோளைப் பிடித்து உலுக்குவேன். அம்மா ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. "இருக்கேன்டி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடுவாள்.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் மாமாவின் குழு ஒரு நாடகம் போட்டது. அம்மா அதுவரை வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. மாமா வந்து வற்புறுத்தினார். கதை முழுக்கச் சிரிப்புதான், கடைசிக் காட்சியில் மட்டும் அவர் சாவார், அதற்கு முன்பு என்னை வெளியே கூட்டிப்போய்விட வேண்டும் என்று ஏற்பாடு.

மாமாவுக்கு மூன்று பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் வேஷம். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே வீட்டுக்குள் மூன்று அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். தகப்பன் ஒவ்வொரு அடுப்பாகப் போய்ச் சண்டை மூளாமல் சாப்பிட்டுவர வேண்டும். மாமா நடந்த நடைக்கே ஜனங்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். அத்தனை மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் தன்னை மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்னை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதையும் மறந்துவிட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. மாமா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்காவது ஒரே அடுப்புல சமைங்கடா" என்றார். தலை ஒருபக்கம் சாய்ந்தது. கை தொங்கியது. புல்லாங்குழல் வாசித்தார்கள்.

நான் எப்போது எழுந்தேன், எப்படி மேடைப் படிகளில் ஏறினேன் என்பது நினைவில்லை. மாமாவின் தொங்கிய கையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. "எழுந்திரு மாமா. எழுந்திரு மாமா." மூத்த மகனாக நடித்தவர், அழுகிற குரலை விடாமலேயே, என்னை ஒரு கையால் தள்ளிவிடப் பார்த்தார். நான் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாமா மேடையில் செத்த பிறகு அசையவே மாட்டார் என்பது அந்தக் குழுவின் பெருமை. பண்ருட்டியில் ஒருமுறை தேள் கொட்டியும், திரை விழுகிறவரைக்கும் பிணமாகவே கிடந்தாராம். அப்படிப்பட்டவர் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கேன் பாப்பா" என்றார் காதோடு. "இருக்கேன்."

புல்லாங்குழல் நின்றுவிட்டது. மாமா தலையை நிமிர்த்தி, வாயைப் பிளந்துகொண்டு நின்ற மூன்று மகன்களையும் பார்த்தார்.

"பேத்தி கூப்புடுறா, எப்படிடா போறது? போங்க, போய் ஒரு அடுப்புல மட்டும் கஞ்சி வைங்க. ரெண்டு பேரும் பசியா இருக்கோம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது நாடகத்திலேயே உள்ளது என்று பலரும் நினைத்துக்கொண்டார்களாம். குழுவை நடத்திய பெரியவருக்கு மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை. திரைக்குப் பின்னால் வந்து, "கதையையே கொன்னுட்டியேப்பா" என்றார். "சரி, கொழந்த. அடுத்த ஊர்ல ஒழுங்கா செத்துருவல்ல?"

மாமா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க. இனிமே சாவற வேஷம் எனக்கு வேணாம். வேற ஆளப் பாத்துக்குங்க."

பெரியவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்திருப்பார். நானும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மாமாவை நான்தான் பிழைக்க வைத்தேன் என்ற பெருமையில் இருந்தேன். கடைத்தெரு ஓட்டலில் காதோரத்து அரிதாரம் கலையாமலே உட்கார்ந்து, மாமா எனக்கு இட்லியைக் கொத்சுவில் தோய்த்து ஊட்டினார். அம்மா தனக்கு வேண்டாம் என்று சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வெகுநாட்களுக்குப் பிறகு அம்மாவை உலுக்காமல் தூங்கியது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு மாமா எந்தப் படத்திலும் சாகவில்லை. நீதிபதியாக ஒரு வரி பேசுவார். கல்யாணக் கூட்டத்தில் அட்சதை போடுவார். பஸ்ஸில் கதாநாயகிக்கு இடம் விட்டு எழுந்து நிற்பார். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகள், "உங்க மாமாவுக்கு இப்போல்லாம் சான்ஸே இல்லையாடி?" என்று கேட்டார்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இன்னும் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பள்ளி ஆண்டுவிழா எதையும் தவறவிட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் பெரியவளான பிறகு அம்மா சொன்ன விஷயம் ஒன்று உண்டு. பெரிய இயக்குநர் ஒருவர், தன் படத்தில் அப்பா வேஷத்துக்கு மாமாதான் வேண்டுமென்று சிதம்பரத்துக்கே ஆள் அனுப்பினாராம். படத்தின் பாதிவரைக்கும் அந்த அப்பாதான் கதை. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைசில சாகாம, வெளியூருக்கு எங்கியாவது போற மாதிரி வெச்சிக்கலாங்களா?" என்றாராம். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வேஷம் வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் படத்தோடு அந்த நடிகரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தப் படம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. இது எதுவும் தெரியாமல், கடலூரில் மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அந்த அப்பா சாகும் காட்சியில் தியேட்டரே விம்மியது. மாமா என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். காட்சி முடிந்ததும் முதலில் கைதட்டியது அவர்தான்.

"நல்லா பண்ணிட்டாரும்மா" என்று என் தலைக்கு மேலாக அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். படத்துக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். மாமாவுக்கு மட்டும் இப்படி ஒரு வேஷத்தை ஏன் யாருமே கொடுப்பதில்லை என்று எனக்கு அன்றைக்கெல்லாம் ஒரே ஆற்றாமையாக இருந்தது.