வடக்குச் சுவரின் சூடு

அப்பா படுத்திருந்த அறைச் சுவருக்கு நெருப்பு வைத்தது நீங்கள்தான். வேறு யாருமில்லை.

ஸ்ரௌவ்வில் நகரில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கப் பின்சுவருக்கு யப்பானியர் முறையில் பலகை அடிக்க உங்களைக் கூப்பிட்டோம். வீடு திருத்துகிறவர், எங்கள் ஆள் என்று நம்பினோம். பலகையின் முகத்தை எரித்துக் கரியாக்கினால் பூச்சி அரிக்காது, உக்காது, நெருப்பும் லேசில் பிடிக்காது என்று விளக்கியவர் நீங்கள். என் அக்கா மட்டும், "ஊரிலை எரிஞ்ச வீட்டை விட்டிட்டு ஓடிவந்து, இஞ்சை காசு குடுத்து எரிக்கிறியளோ?" என்று நக்கலடித்தாள். சிரித்தோம்.

பலகையை நிலத்தில் வைத்து எரித்து, தண்ணீர் ஊற்றி அணைத்து, ஆறவிட்டு, கரியைத் துலக்கி, எண்ணெய் பூசிய பிறகே சுவரில் அடிக்க வேண்டும். அப்படித்தான் செய்வதாகச் சொன்னீர்கள். ஆனால் கொண்டுவந்தது எரிக்காத வெறும் பலகை. அதை முதலில் சுவரில் அடித்தீர்கள். பிறகு காஸ் சிலிண்டரில் குழாயைப் பூட்டி, அடித்த பலகைமேல் நெருப்பைப் பிடித்தீர்கள். ஏன் என்று கேட்டேன். இப்படிச் செய்தால்தான் சுவர் முழுக்க ஒரே கறுப்பாக வரும் என்றீர்கள். மேலாகத் தண்ணீர் அடித்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, சாப்பிடப் போனீர்கள்.

அப்பா பாரிசவாதத்தில் விழுந்தவர். ஒருவர் பிடிக்காமல் எழும்ப முடியாது. அவருடைய கட்டில் அந்தச் சுவரோடு ஒட்டியிருந்தது. நான் தேநீர் கொண்டுபோனேன்.

"பிள்ளை, சுவர் சுடுது," என்றார்.

கை வைத்தேன். உள்ளங்கை பொறுக்கவில்லை. வெளியே ஓடிப் பார்த்தேன். நெருப்பு இல்லை, புகை இல்லை. கறுப்புப் பலகை சும்மா நின்றது. அதைக் கண்டுதான் இன்னும் பயந்தேன். உங்களுக்குப் போன் எடுத்தேன்.

"உது வெயில் சூடு அக்கா. கறுப்பு வெயிலை இழுக்கும்தானே. ஒண்டும் யோசியாதேங்கோ."

"இந்த நாட்டிலை வடக்குச் சுவரிலை என்ன வெயில்?"

போனை வைத்துவிட்டுத் திரும்பி அறைக்குள் போனபோது, கட்டில் தலைமாட்டில் இருந்த பிளக் ஓட்டையிலிருந்து நூல்போலப் புகை வந்துகொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவரை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. போர்வையோடு இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து, தீயணைப்புக்குப் போன் எடுத்தேன். தீயணைப்புக்காரர் வரும்வரை அவர் என் சட்டையைப் பிடித்த பிடி விடவில்லை.

அவர்கள் பலகைகளைக் கோடரியால் பெயர்த்தார்கள். பலகை இடுக்கால் உள்ளே போன நெருப்பு, பின்னால் விரித்திருந்த ஈரம் தடுக்கும் தாளையும் மரச்சட்டத்தையும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

சுவரைத் திருத்தியாயிற்று. ஆனாலும் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். ஹீற்றர் சூடு கையில் பட்டாலே நெஞ்சு அடிக்கிறது. அப்பா அந்த அறையில் படுக்கமாட்டேன் என்கிறார். ஹோலில் கதிரையிலேயே தூங்குகிறார்.

நீங்களோ அன்று எடுத்த படத்தை எங்கள் பகுதித் தமிழர் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்கள். சுவர் அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த வேலை விட்பி நகரில் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

எனக்குத் தனியாகப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதே குழுவில், எல்லோரும் பார்க்க எழுதுங்கள்: விட்பிப் பலகைகளை எங்கே வைத்து எரிக்கப்போகிறீர்கள்?