பூமர் கார்னர்

கத்தரியை எடுக்கும் முன், உட்கார்ந்திருப்பவரின் காதை ஒரு முறை மடக்கிப் பார்ப்பார் கத்தரியக்கா. "ஆடாம உக்காருங்க. அப்புறம் காது இங்கயே தங்கிடும்." வயது அறுபத்தெட்டு. சலூனில் வெந்நீர் குடிப்பதுகூட நின்றபடிதான்.

சன்னலோர நாற்காலி அவருடையது. தெருவில் போகிறவர்கள் அவர் கையைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். நாற்பத்தைந்து வயது முதலாளி அந்த இடத்தைப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்து, அக்காவைக் கழிவறைப் பக்கத்து மூலைக்குத் தள்ளினார். தலைக்கு மேலே நூலில் ஓர் அட்டை: 'பூமர் கார்னர்'. நரைத்தவர் எல்லோருக்கும் இப்போது அதுதானே பட்டம்!

"வயசானவங்களுக்கு அந்தக் காலத்து ஸ்டைல்தானேக்கா பிடிக்கும்? மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். கூட்டம் சேரலேன்னா..." மீதியை முதலாளி முழுங்கிவிட்டார்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. மூலைக்கு அனுப்பப்பட்ட வயசானவர்களிடம், "உங்களுக்கு எப்படி வேணும்?" என்று மட்டும் கேட்டார். மகனும் மருமகளும் சொன்னபடியே தலையைக் கொடுத்துப் பழகியவர்கள் திகைத்துப் போனார்கள். பிறகு வாய் திறந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் பக்கவாட்டில் ஒட்ட மழிக்கச் சொன்னார். எண்பத்தாறு வயது கணக்கு டீச்சர் நீலச் சாயம் கேட்டார்.

எழுந்தவர் அட்டையைப் படித்தார். "பூமர்னா?"

"உலக யுத்தம் முடிஞ்சப்புறம் பொறந்தவங்களாம், டீச்சர்."

"அப்ப நான் சேத்தியில்ல. யுத்தம் முடியறப்ப நான் பெஞ்சு மேல ஏறி நின்னுட்டிருந்தேன்."

நீலத்தலை தெருவில் இறங்கியது. மூலையில் வரிசை நின்றது. மாசக் கடைசியில், அம்மாவின் கல்யாண போட்டோவிலிருந்த சுருள்முடியைக் கேட்டு ஒரு கல்லூரிப் பெண்ணும் அதில் சேர்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்த முதலாளி வழியை மறைத்தார்.

"நகருங்க அங்கிள், பூமர் மாதிரி குறுக்க நிக்காதீங்க!"

"இவரா? இவர் தொட்டில்ல கெடந்தப்ப நான் கல்யாணப் பொண்ணும்மா," என்றார் அக்கா.

சலூனே சிரித்தது. முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்க்கா. சன்னலுக்கே வந்துடுங்க."

"அந்தப் பொண்ணும் அங்கயே இருக்கட்டும். சன்னல் அகலந்தான்."

முதலாளி நாற்காலியைத் தூக்கினார். அக்கா எம்பி, நூலை ஒரே வெட்டாக வெட்டினார். வெள்ளையும் கறுப்பும் நீலமுமாகக் கிடந்த முடியோடு அட்டையையும் சேர்த்துக் கூட்டி, குப்பைக்கூடையில் தட்டினார்.