தண்ணி வர முதல்

என் மகன் தமிழ் பேசும்போது நான் அதை மனதுக்குள் திருத்தித்தான் கேட்பேன். "சப்பாத்து உடுத்திட்டு வாறன்" என்றால், காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிறான். "எனக்குக் குளிர் பிடிச்சிட்டுது" என்றால் தடிமன், சளி. அவன் இங்கே, ஆங்கிலேயர் நாட்டில், பிறந்தவன். நான் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் ஆங்கிலம் நான் வேலை செய்யும் காய்கறிக்கடைக்குப் போதும், அதற்குமேல் போகாது. ஆகவே எங்கள் இருவருக்கும் நடுவில் இந்த அரைத் தமிழ்தான் இருக்கிறது. நானும் பேசுகிறவன் இல்லை, அவனும் இல்லை. வீட்டில் பேச்சு முழுவதும் என் மனைவியின் பொறுப்பு.

நாங்கள் இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருவைத் தாண்டினால் பெரிய புல்வெளி ஒன்று வரும். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்பது முழுப் பெயர். எங்கள் பக்கத்தில் வெறும் ஃபிளாட்ஸ் என்றுதான் சொல்வோம். மகன் பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் ஒரு மெல்லிய நீளத் தூண்டிலை வாங்கிக்கொண்டு அங்கே போகத் தொடங்கினான். நூலின் நுனியில் தூண்டில்முள்ளுக்குப் பதிலாக மஞ்சள் கம்பளித் துண்டு. நூலைத் தலைக்குமேலே பின்னும் முன்னுமாக வீசி, புல்லின்மேல் மெதுவாக விழவைப்பான். நாய்கள் கம்பளியைத் துரத்தும்.

"தண்ணியில்லாத இடத்தில மீன் பிடிக்கிறான் எண்டு ஃபாரஸ்ட் கேட் முழுக்கச் சிரிக்குது," என்றாள் மனைவி.

"ப்ராக்டிஸ், அம்மா."

"என்ன இரை போடுறனீ?"

"ஃபிளை."

"ஈயோ? வீட்டுக்குள்ள எவ்வளவு ஈ பறக்குது, முதல் அதைப் பிடி."

அது உண்மையான ஈ இல்லை. இறகும் நூலும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய் இறால், பொய் நண்டு. அவன் அறையில் அப்படி நிறைய இருந்தன. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். உயிருள்ளதுபோல மயிர்கள் அசைந்தன. நல்லாயிருக்கு என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்து, அதற்குக் கிட்ட ஹவுன்ஸ்லோவில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டான். அந்த வேலையில் மலிவாக டிக்கெட் கிடைக்கும். லீவு எடுத்து பகாமாஸ் தீவுகளுக்குப் போனான். அடுத்த வருடமும் போனான். திரும்பி வந்து போனில் ஒரு படம் காட்டினான். கண்ணுக்கு எட்டியவரை முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். அவன் நடுவில் அசையாமல் நிற்கிறான்.

"மீன் தெரியுதோ, அப்பா?"

எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது.

"மீனைப் பாக்கேலாது. நிழலைப் பாருங்கோ."

அவன் விரல் வைத்த இடத்தில் ஒரு சாம்பல் கோடு அசைந்தது. பிறகு இன்னொன்று. மீனைக் கண்ணால் கண்ட பிறகுதான் வீச வேண்டுமாம். எங்கள் நிழல் அதன்மேல் பட்டாலும் ஓடிவிடுமாம். பிடித்ததும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம்.

"விடுறதுக்கோ அவ்வளவு தூரம் போனனீ?" என்றாள் மனைவி. "இஞ்ச கடையில ஐஸில கிடக்கு. அதைப் பிடிச்சு விடன்."

போன ஆவணி முடிவில் அவன் வேலையை விட்டுவிட்டான். அந்தத் தீவுகளில் மீன்பிடிக்க வருகிறவர்களைத் தங்கவைக்கும் ஒரு விடுதியில் வேலையாம். படகு தள்ள வேண்டும், மீன் நிற்கும் இடத்தை வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். "சீசனுக்குப் போறன்" என்றான்.

"சீசன் எண்டா எவ்வளவு நாள்? ட்ரெயின் சீசன் டிக்கெட் மாதிரியோ?"

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க அவள் எப்படிக் கேட்டாலும் சீசனுக்கு என்று ஒரு சிரிப்புத்தான். அவனுடைய அறையைக் காலி செய்துவிட்டான் என்று மட்டும் தெரிந்தது. இரண்டு பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. மிச்சத்தை விற்றுவிட்டானாம்.

"இஞ்சேருங்கோ," என்றாள் அவள் ஒருநாள். "என்னட்டை அவன் பகிடிதான் விடுவான். நீங்கள் கேளுங்கோ. சீசனுக்கோ, ஒரேயடியாவோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. தனிய நிக்கேக்க கேளுங்கோ."

நான் ஓம் என்றேன். எப்படிக் கேட்பது என்று கடையில் கத்தரிக்காய் அடுக்கும்போதெல்லாம் யோசித்தேன்.

அவன் போவதற்கு முந்திய சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழன் இரவு, அவனே போன் எடுத்தான். எனக்கு. அம்மாவிடம் கொடுங்கோ என்று சொல்லாமல்.

"அப்பா, சனிக்கிழமை ஃபிளாட்ஸுக்குப் போறன். நீங்களும் வாறீங்களோ?"

"ஓம், வாறன்."

"வெள்ளனவே வாங்கோ. தண்ணி வர முதல் நிக்கோணும்."

மழையைத்தான் தண்ணி என்கிறான் என்று திருத்திக்கொண்டேன். சனிக்கிழமை மழை என்று டிவியிலும் சொல்லியிருந்தார்கள். மனைவி ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தாள். குடையை எடுத்துக்கொண்டு, விடியும்போதே புல்வெளிக்குப் போய், அவன் வழக்கமாக நிற்கும் கோல்போஸ்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நாய்களோடு நாலைந்து பேர் போனார்கள். ஒரு பெண் எனக்குக் காலை வணக்கம் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் தூரத்தில் போய்விட்டாள். காகங்கள் புல்லைக் கொத்தின. நான் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"ஃபிளாட்ஸில."

"நானும் ஃபிளாட்ஸிலதான். எந்தப் பக்கம்?"

"கோல்போஸ்டடியில."

அவன் பக்கத்தில் காற்று இரைந்தது. கடற்பறவைகளின் சத்தமும் கேட்டது.

"கோல்போஸ்டோ? அப்பா... இது கடல். ஸீ. லீ ஸ்டேஷனுக்கு வரச் சொன்னனான் எல்லோ?"

சொல்லவில்லை. அல்லது சொன்னானோ, எனக்கு இன்றும் தெரியாது. கடலோரத்தில் தண்ணீர் வற்றி ஏறும் சேற்றுத்தரைக்கும் ஃபிளாட்ஸ் என்றுதான் பெயராம். பகாமாஸில் அவன் நிற்கும் இடமும் ஃபிளாட்ஸ்தானாம். அவனுக்கு அந்தச் சொல் எப்போதோ புல்லைவிட்டுப் போய்விட்டது. எனக்குப் போகவில்லை.

"நான் வாறன். நில்லு."

"வாங்கோ. ஆனா தண்ணி வருது. என்னால காத்து நிக்கேலாது, உள்ள போறன்."

ரயில் மாறிப் போய்ச் சேரும்வரை நான் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். தண்ணி என்றால் தண்ணிதான்.

லீயில் இறங்கிக் கடல் அணைமேல் ஏறியபோது மழையில்லை, வெயிலும் இல்லை. தேம்ஸ் ஆறு கடலாக அகலும் இடம் அது. சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கியிருந்தன. வாய்க்கால்களில் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெகுதூரத்தில் ஒரு மேட்டில் ஒரு ஆள் தனியாக நின்றான். கை பின்னால் போகும், நிற்கும், முன்னால் வரும். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

கோடையில் திரளி மீன்கள் ஏறும் தண்ணீரோடு மேய வரும் என்று அவன் முன்பு சொல்லியிருக்கிறான். குளிர் தொடங்க அவை போய்விடும். அவன் குனிந்து பார்த்துக்கொண்டு, ஒரு அடி வைத்து, நின்று, வீசினான். புல்வெளியில் பார்த்த அதே வீச்சு. ஆனால் இங்கே அதற்கு ஒரு பொருள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அவனுக்கும் எனக்கும் நடுவிலிருந்த சேறு முழுவதும் தண்ணீராகிவிட்டது.

எனக்கு நீந்தத் தெரியாது. மன்னார் என்றதும் இங்கே எல்லோரும் என்னை மீன்காரன் என்று நினைப்பார்கள். என் தகப்பன் சைக்கிள் திருத்தியவர். கடலை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்ததுதான் அதிகம்.

அவன் நின்ற மேடு சுருங்கிக்கொண்டு வந்தது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. கூப்பிட வாய் திறந்தேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அணையோரத்தில் ஒருவர் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வேண்டும். என் மகன், அங்கே, தண்ணீர் என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். அடுக்கியது பிழைபோல இருந்தது. மறுபடி அடுக்கினேன். நான் கிட்டப் போனபோது அவர் டின்னை மூடிக்கொண்டு நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் பிள்ளை தண்ணீருக்கு நடுவில் நிற்க, நான் ஒரு அந்நியருக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

குடையை விரித்து ஆட்டினேன். தூரத்தில் அவன் கையை உயர்த்தினான். வா என்றானா, இரு என்றானா, தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் நூலைச் சுருட்டினான். நேரே என்னை நோக்கி வராமல் எதிர்ப்பக்கமாக நடந்தான். குடையை இன்னும் வேகமாக ஆட்டினேன். பிறகு பெரிதாக வளைந்து, தண்ணீருக்கு அடியில் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு கெட்டியான வழியால், முழங்கால் அளவில் ஆறுதலாக நடந்து வந்து அணையில் ஏறினான்.

"ஏன் குடை, அப்பா? மழை இல்லையே."

"நீதானே சொன்னனீ தண்ணி வரும் எண்டு."

அவன் என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அம்மாவுக்குச் சிரிக்கும் சிரிப்பு இல்லை இது, சேற்றுக் கால்களோடு கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. குடையை மடக்கி வைத்தேன்.

"மீன்?"

"ஒண்டு வந்து பாத்தது. போயிட்டுது."

ரொட்டியைச் சாப்பிட்டோம். அவன் நின்ற மேடு இப்போது இல்லை. "உங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைச்சனான்," என்றான் தண்ணீரைப் பார்த்தபடி. "அந்த வழியைக் காட்ட. இனி ஏலாது, தண்ணி வந்திட்டுது."

அப்போது கேட்டிருக்கலாம். தனியாகத்தான் இருந்தோம். ஆனால் சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது. கேட்டால் அது போய்விடும் என்று கேட்காமல் விட்டேன். ரயிலிலும் அப்படியே. அவன் நித்திரையாகிவிட்டான். தலை என் தோளில் முட்டும், விலகும்.

பார்க்கிங் என்ற ஊர் ஸ்டேஷனில் ரயில் மாற இருவரும் இறங்கினோம். அவன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஹவுன்ஸ்லோ பக்கம், போகும்வரை தங்கியிருந்த சிநேகிதன் அறைக்குப் போக வேண்டும். ரயில் வந்து நின்றது. அவன் தூண்டில் பையோடு உள்ளே ஏறித் திரும்பியபோது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"தம்பி, சீசன் முடியத் திரும்பி வருவியோ?"

கதவு மூடுவதற்கான மணி அடித்தது.

"வந்திட்டுப் போறன், அப்பா," என்றான்.

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் கையை உயர்த்தினான். ரயில் போய்விட்டது.

புறப்படும்போது நாங்கள் சொல்வது போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன் என்பது. போவதைச் சொன்னாலும் வருவதில் முடிக்க வேண்டும். அதைத்தான் அவன் முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னானா? அல்லது நான் கேட்டதற்கு, எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சரியான தமிழில் பதில் சொன்னானா? காலையில்தான் அவனுடைய ஒரு சொல்லைத் திருத்திக் குடையோடு புல்வெளியில் நின்றவன் நான். இப்போது எதைத் திருத்துவது, எதை விடுவது?

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி கேட்டாள்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவன்?"

"வந்திட்டுப் போறன் எண்டான்."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "அவன்ரை தமிழ் உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள். "போட்டு வாறன் எண்டதை அப்பிடிச் சொல்லியிருக்கிறான். சப்பாத்து உடுத்திற பிள்ளையெல்லோ."

"ஓம்," என்றேன்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே அவள் தன் தங்கையோடு போனில் பேசத் தொடங்கினாள். "ஓமடி, தகப்பனட்டைத் தெளிவாச் சொல்லியிருக்கிறான். சீசன் முடிய வருவானாம்." குரலில் அவ்வளவு நிம்மதி. அவளைத் திருத்தப் போகாமல், சப்பாத்தைக் குடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.