ஆடிக்கு முந்திய கப்பல்

ஒரு மனிதரைப் பழிவாங்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷமும் நான் சும்மா இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். காலையில் பல் தேய்க்கும்போது திட்டுவேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டிராஃபிக்கில் நிற்கும்போது திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ‘தீமை செய்தோரை நாங்கள் பொறுப்பது போல’ என்ற அந்த ஒரு வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்லக் கூடாதே என்றுதான்.

நான் தூத்துக்குடிக்காரி. 2003-இல் நியூ ஜெர்சிக்கு வந்தேன். என்னைக் கூட்டி வந்தது அங்கே எடிசன் என்ற ஊரில் இரண்டு அறை ஆபீஸ் வைத்திருந்த ஒரு கன்சல்டிங் கம்பெனி. அதன் முதலாளி சென்னைக்காரர். ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் எப்போதும் விபூதி, மேஜைக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர். வேலை செய்த நாங்கள் பதினோரு பேரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். வந்த முதல் வாரம் நான் கெஸ்ட் ஹவுஸில் ஜுரத்தோடு கிடந்தபோது அவர் மனைவி, அந்த ஆன்ட்டி, ஐந்து நாளும் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு வசதி. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அங்கிள் என்னை ஒரு டேனிஷ் கப்பல் கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். விசா அவர் கையில், வேலை டேனிஷ்காரர்களிடம். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் ஏற வேண்டும் என்று கணக்குப் போடும் ப்ரோக்ராமை நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டோம். கனமானது அடியில், லேசானது மேலே. மீனும் பழமும் இருக்கிற குளிர்பெட்டிகளுக்குக் கரண்ட் பிளக் உள்ள இடம். ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் உலகப் படம். அதன்மேல் கம்பெனியின் சரக்குக் கப்பல்கள் எல்லாம் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருக்கும். துறைமுகத்து ஊரில் பிறந்தவள்தான், ஆனால் அத்தனை கப்பலை ஒரே இடத்தில் அதுவரை பார்த்ததில்லை. எது பனாமாவில் காத்து நிற்கிறது, எது கொழும்பில் சரக்கு மாற்றுகிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஒன்றிலும் கால் வைத்ததில்லை. டர்ன்பைக்கில் போகும்போது எலிசபெத் துறைமுகத்தின் கிரேன்களைப் பார்ப்பதோடு சரி.

என் மேனேஜர் ஒரு டேனிஷ்காரர். பனைமரம் மாதிரி உயரம், பேச்சு ரொம்பக் குறைவு. கறுப்பு ரொட்டியின்மேல் ஊறுகாய் போட்ட மீனை வைத்துச் சாப்பிடுவார். அவருக்கு ஒரே ஒரு மதம்தான் உண்டு, அதன் பெயர் கட்-ஆஃப். ஞாயிற்றுக்கிழமை சரக்கேற்றும் கப்பலுக்கு வெள்ளி மதியம் பன்னிரண்டு மணிக்குள் காகிதங்கள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்தப் பெட்டிக்கு அடுத்த வாரக் கப்பல். ஆனால் வெள்ளி சாயங்காலம் வரைக்கும் ஒன்றிரண்டு பெட்டிகளைச் செருக இடம் இருக்கத்தான் செய்யும். டாக்குமென்ட் டெஸ்க்கில் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்காக நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் கணவர். ஊரில் காலேஜில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த மனிதர். என்னோடு வந்தவருக்குக் கிடைத்தது வேலை செய்யக் கூடாத விசா. நாலு வருஷமாக வீட்டில் சமைத்தார், லைப்ரரியில் சம்பளம் இல்லாமல் புத்தகம் அடுக்கினார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தார். பார்ட்டிகளில் யாராவது, “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டால், “சாம்பார் பண்றேன்” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் காரில் அழுவேன்.

2007 ஜூலையில், கிரீன் கார்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் விண்ணப்பம் போடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு மாசம்தான், ஆகஸ்ட் பதினேழு வரைக்கும். விண்ணப்பம் உள்ளே போய்விட்டால் கிரீன் கார்டு வர எத்தனை வருஷம் ஆனாலும் கவலையில்லை. கணவருக்கு ஒர்க் பெர்மிட் சில மாதத்தில் வந்துவிடும். பக்கத்து ஊர்க் காலேஜில் ஜனவரியிலிருந்து லேப் வகுப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் வெள்ளைக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டியும் வைத்துவிட்டார். எல்லாக் காகிதமும் தயார். பாக்கி இருந்தது முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய ஒரே ஒரு கடிதம்.

அங்கிள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆடி பொறந்துடுச்சேம்மா. ஆடியில நல்ல காரியத்துக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல. எங்க அப்பா காலத்துலேந்து பழக்கம். ஆவணி பொறக்கட்டும், மொதல் கையெழுத்து ஒனக்குத்தான்.”

“அங்கிள், ஆவணி பொறக்கிறதும் கதவு மூடறதும் ஒண்ணா வருது.”

“அதெல்லாம் எக்ஸ்டெண்ட் பண்ணுவாம்மா. நான் பாக்காத இமிக்ரேஷனா?”

இங்கேதான் நான் முட்டாளானேன். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டோம், புது வீடு குடிபோக மாட்டோம். ஒருவருடைய நம்பிக்கை என்றால் அதில் நான் என்ன வாதாடுவது? இன்னொரு மதத்துக்காரி, வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமே என்ற கூச்சம் வேறு. வாராவாரம் போய் நின்றேன். வாராவாரம் காலண்டரைக் காட்டினார். என் டேனிஷ் மேனேஜரிடம்கூட விஷயத்தைச் சொன்னேன். எதையும் தொடங்கக் கூடாத ஒரு மாதம் உண்டு என்பதை அவர் ரொட்டியை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: அந்த மாதத்தில் சென்னையிலிருந்து கப்பல்கள் கிளம்புமா?

கிளம்பும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

சொன்ன சொல் தவறாமல் ஆவணி முதல் நாள் அங்கிள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு முந்தின நாளோடு கதவு மூடியிருந்தது. கூடவே ஒரு லட்டும் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் ஆகிவிட்டால் நான் அவரை விட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்ற விதியை ஒரு வாரம் கழித்து வக்கீல் ஆபீஸில்தான் விளக்கினார்கள். என்னைப் பிடித்து வைக்கத்தான் ஆடியைக் காட்டினாரோ என்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. இருந்தாலும் உள்ளே ஒரு மூலையில், ஒருவேளை நிஜமாகவே ஆடி பார்க்கிற மனுஷன்தானோ என்னவோ என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. கணவர் வெள்ளைக் கோட்டை மடித்துப் பழையபடி பெட்டியில் வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் டேனிஷ் கம்பெனியே என்னை நேரடியாக எடுத்துக்கொண்டது. எனக்கு முதலாளி மாறினார், அவ்வளவுதான். கிரீன் கார்டு வரிசை உறைந்து நின்றது. கணவர் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்.

2009-இல் ஊரெல்லாம் வேலை போயிற்று. அங்கிளின் கம்பெனியும் படுத்துவிட்டது. அவர் சென்னைக்கே திரும்பப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, கைக்கு எட்டாமல் போகிறாரே என்று. அப்போதுதான் போன் வந்தது.

“எப்படிம்மா இருக்கே? நீ இன்னும் அந்தக் கப்பல் கம்பெனிலதானே இருக்கே? எங்க வீட்டுச் சாமானெல்லாம் ஒங்க கப்பல்லதான் புக் பண்ணியிருக்கு. இந்த வாரக் கப்பல்ல ஏறிடணும். அடுத்த வாரம் ஆடி பொறந்துடும். ஆவணியில புது வீட்டு கிரகப்பிரவேசம் வச்சிருக்கோம்.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பேக்கர்ஸ்காரன் வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்ட லிஸ்ட்டு வேணும்ங்கறான்,” என்றார் அங்கிள். “அவன் லிஸ்ட்டைக் குடுக்கவே பதினொண்ணரை ஆயிடும்மா. இந்த ஊர் சம்மர் டைமுக்கு அப்பத்தான் ராகு காலம் ஆரம்பிக்குது. ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் பண்ணா ஒத்துப்பாங்களா? நீ உள்ள இருக்கறவ, நீ சொல்லு. அவன் பேச்சை நான் நம்பல.”

இந்தியாவில் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் ராகுவையும் கூடவே தள்ளி வைத்துவிடுவார்கள் நம்மவர்கள். ஆண்டவரே என் மடியில் கொண்டுவந்து போட்டதுபோல் இருந்தது. இதில் ஆண்டவரை இழுப்பது பாவம்தான், ஆனால் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

“ஒரு பிரச்னையும் இல்ல அங்கிள். ராகு காலம் முடிஞ்சே போடுங்க. ஒரு மணிக்கு அனுப்பினாப் போதும்,” என்றேன். என் குரல் அவ்வளவு இனிப்பாக இருந்து நானே கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் பட்டியலை மூடினார். ஒரு மணி ஆறு நிமிஷத்துக்கு அங்கிளின் ஃபேக்ஸ் வந்தது. டாக்குமென்ட் டெஸ்க் பெண் அதைக் கையில் பிடித்தபடி என் இடத்துக்கே வந்தாள். உங்கள் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே, தெரிந்தவரா, வேண்டுமானால் சேர்த்துவிடட்டுமா என்று அவளாகவே கேட்டாள்.

“தெரியாது,” என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அதை அடுத்த வாரக் காகிதங்களோடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கப்பல் சரக்கேற்றிக்கொண்டு கிளம்பியது. திங்கட்கிழமை காலை பெரிய திரையில் அந்தப் புள்ளி அட்லாண்டிக்கில் தனியாகப் போய்க்கொண்டிருப்பதைக் காபி குடித்தபடி பார்த்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. நல்லவள் என்று பெயர் வாங்குவதற்காக இதை மறைக்க மாட்டேன். ஆடியில் அனுப்பிய சாமான் உருப்படுமா என்று அந்த மனுஷன் ஒன்றரை மாதம் தூங்காமல் கிடக்கட்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது. எடுத்தால் ஆன்ட்டி. பேச முடியாமல் அழுதார்.

“பெட்டி கப்பல் ஏறலையாமே கண்ணு. ஆடியிலதான் போகுமாமே. சாமியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. எங்க அம்மா வச்சுக் கும்பிட்ட வெளக்கு இருக்கு. கிரகப்பிரவேசத்துக்கு வந்து சேராதுன்னு சொல்லிட்டாங்க. நான்தான் ராகு காலத்துல கையெழுத்துப் போடவே கூடாதுன்னு அவரை ஒக்கார வச்சேன். நீ சரின்னு சொன்னியாமே, அதான் தைரியமா இருந்துட்டேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கிள் போனை வாங்கிவிட்டார். அவர் குரலில் கவலை என்பதே இல்லை.

“விடும்மா. இவளுக்குத்தான் இந்தப் பைத்தியமெல்லாம். எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். லேட்டா வந்தா வந்துட்டுப் போகுது.”

நான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

“அப்ப என் லெட்டருக்கு ஏன் அங்கிள் ஆடின்னு சொன்னீங்க?”

“எந்த லெட்டரும்மா?”

நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் இரண்டு வருஷம் ராவும் பகலும் சுமந்தது அவர் தலையில் இரண்டு நாள்கூட இருந்திருக்காது. பின்னால் ஆன்ட்டி விசும்பிக்கொண்டிருந்தது போனில் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெட்டியை முன்னால் கொண்டுபோக வழி உண்டா என்று திரையில் தேடினேன். இல்லை. வேறு எந்தக் கப்பலும் கிரகப்பிரவேசத்துக்குள் சென்னையைத் தொடவில்லை. இத்தனை கப்பல் இருந்தும் ஒன்றுகூட உதவாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆன்ட்டியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. அங்கிளைப் பற்றி நினைக்கும்போது அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு வலிக்கிற இடம் எது என்று தெரிந்துகொள்ளாமல் அடித்துவிட்டோமே என்ற ஆத்திரம்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். யாருக்காகச் செய்தேனோ அவருக்குத் தெரிய வேண்டாமா? அவர் அடுப்பில் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார். ராகு காலத்தைத் தள்ளி வைத்த இடத்தில் சிரித்துக்கூட விட்டார்.

“அந்த ஆன்ட்டி ரொம்ப அழுதாவளா?”

“ஆமா.”

“அவரு?”

“அவருக்கு ஒண்ணுமில்ல. லெட்டரே ஞாபகம் இல்ல.”

அடுப்பைச் சிறிதாக்கினார். கரண்டியைக் கழுவினார். கையைத் துடைத்துக்கொண்டு, கோபமோ கிண்டலோ எதுவும் இல்லாமல், ஒரு விவரம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“அப்போ நாளைக்கு நான் வேலைக்குப் போலாமா?”

நான் தட்டை எடுத்து வைத்தேன்.