வலது காலை எடுத்துவைத்த பாரோ

தங்கச்சி பெரியபிள்ளையான செய்தியை நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு அம்மா தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்குள், சாமத்தியவீடு என்கிற பூப்புச் சடங்குக்கு நாளும் மண்டபமும் முடிவாகிவிட்டன. தங்கச்சியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று வயது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள்.

“எனக்கு வந்ததை முந்நூறு பேருக்குச் சொல்லிச் சோறும் போடப்போறியளோ? பின்லி!”

பின்லி என்றால் நோர்வே மொழியில் வெட்கக்கேடு. எங்கள் வீட்டில் அது தமிழாகி நெடுநாளாயிற்று.

சமாதானம் பேச என்னை அனுப்பினார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, பண்டைய எகிப்து படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட, கேட்பவர் கேளாதவர் எல்லோருக்கும் படிப்பித்துக்கொண்டு திரிந்தேன் என்பதே பொருத்தம். போதாததற்கு என்னுடைய சாமத்தியவீட்டு வீடியோவும் அலமாரியில் இருந்தது. அன்னப்பறவைச் சிம்மாசனத்தில் மூன்று மணித்தியாலம் பல்லைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தகுதியோடு கதவடியில் நின்று ஹட்செப்சுட்டைப் பற்றிச் சொன்னேன். பெண்ணாகப் பிறந்து பாரோவாக முடிசூடியவள். சிலைகளில் அவளுக்கு அரசனின் தலைத்துணி உண்டு, கட்டுத்தாடி உண்டு. நிற்கும் பாரோக்கள் எல்லோரையும் போல இடது காலை ஒரு அடி முன்னே வைத்திருப்பாள். யாருக்கும் பல்லைக் காட்டமாட்டாள்.

கதவு கொஞ்சம் திறந்தது.

“அவளையும் ஆக்கள் வந்து பாத்தவையோ?”

“பாத்தவை. ராசாவைப் பாக்கிற மாதிரிப் பாத்தவை.”

“அப்ப எனக்கு அதுதான் வேணும். மண்டப வாசலிலை அவளின்ரை சிலை. ஒண்டும் பிழைக்கக்கூடாது. சத்தியமா?”

“சத்தியமா.”

அலங்காரம் மாமாவின் பொறுப்பு. வாரநாட்களில் பஸ் ஓட்டுவார். வார இறுதிகளில் குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வருமே, அந்த வெள்ளை நுரைப்பலகை, அதை வெட்டிச் செதுக்கிச் சிங்கமும் யானையும் செய்வார். ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் அவருடைய களஞ்சிய அறையில் நான்கு கையோடு இரண்டு வாயிற்காவலர்கள் நின்றார்கள். ஒஸ்லோத் தமிழர் கலியாணங்களில் அவர்களைத் தாண்டாமல் சாப்பாட்டுக்குப் போனவர்கள் குறைவு. மாமா ஆளுக்கு இரண்டு கைகளை அரிந்து எடுத்துவிட்டு, முகத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

“மாமா, பழைய சிலையிலையே மூஞ்சையை மாத்திறதோ?”

“உன்ரை ராசாக்கள் உப்பிடிச் செய்யேல்லையோ?”

செய்தார்கள்தான். முந்திய அரசர்களின் சிலைகளில் தன் பெயரை வெட்டிக்கொள்வதில் ராம்சேசை விஞ்ச ஆளில்லை. முதல்நாள் சாப்பாட்டு மேசையில் அதை மாமாவுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான். ஹட்செப்சுட்டின் சிலைப் படங்கள் உள்ள புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் பயந்தது தாடிக்கு.

“பொம்பிளைப் பிள்ளையின்ரை சடங்கிலை தாடியோ?” என்றார் அம்மா.

“அது முளைக்கிற தாடி இல்லையம்மா, கட்டிற தாடி. தங்கக் கலர் அடிக்கலாம். நகை மாதிரி.”

அம்மா யோசித்தார். “அப்ப வடிவா மினுங்கட்டும்.”

மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்குப் பிறகு ஹட்செப்சுட்டின் தாடி இவ்வளவு எளிதாக அனுமதி பெற்றதை எண்ணி நான் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பில் களஞ்சிய அறைப் பக்கம் மறுபடி போகவேயில்லை.

சடங்கு நாள் காலை, மண்டப வாசலின் இரு பக்கமும் இரண்டு ஹட்செப்சுட்டுகள் தாடி மினுங்க நின்றார்கள். இரண்டு பேரும் வலது காலை முன்னே வைத்திருந்தார்கள்.

“மாமா! கால்!”

“காலுக்கு என்ன?”

“இடது காலெல்லே முன்னுக்கு வரவேணும்! புத்தகத்திலை பாக்கேல்லையே?”

“பாத்தனான். படத்தை மாறி அச்சடிச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சுத் திருத்தினனான். நல்ல காரியத்துக்கு ஆரும் இடது காலை வைச்சு வருவினமே? உனக்கென்ன விசரோ?”

அதற்குள் கார் வந்துவிட்டது. தங்கச்சி இறங்கினாள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் அம்மா மூன்று சனிக்கிழமை அலைந்து எடுத்த சிவப்புச் சீலை, தலை நிறையப் பூ. அவள் முதலில் பார்த்தது கால்களைத்தான்.

“அக்கா, நீ சத்தியம் பண்ணினனி.”

என் பழைய அனுபவத்தில் நான் வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் அன்னப்பறவையோடு பறந்துவிட்டன.

வாசலில் நிறைகுடம். உள்ளே முந்நூறு தலைகள் திரும்பியிருந்தன. வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்தபடி படமெடுத்தார். “வலது கால், வலது கால்” என்று நாலு பக்கமும் குரல். தங்கச்சி இரண்டு கைகளையும் பொத்திப் பக்கத்தில் இறக்கினாள். நேரே பார்த்தாள். இடது காலை உள்ளே வைத்தாள்.

“தங்கச்சி, ஒருக்காத் திரும்பிப் போய் வலது காலை வைச்சு வாங்கோ. கொஞ்சம் சிரிச்சு,” என்றார் வீடியோக்காரர்.

திரும்பிப் போனாள். இடது காலை வைத்தாள்.

“பிள்ளைக்கு இடம் வலம் தெரியாதோ?” என்றார் பெரியம்மா. “பள்ளிக்கூடத்திலை என்னத்தைப் படிப்பிக்கினம்?”

மூன்றாம் தரமும் இடது. அம்மா என்னைப் பார்த்தார். நான் நிறைகுடத்து மாவிலையை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமாதான் தன் சிலையின் காலையும் அவள் காலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“விடுங்கோ. அவள் தெரிஞ்சுதான் வைக்கிறாள். அப்பிடியே வரட்டும்.”

வந்தாள். அன்று முழுக்க அவள் சிரிக்கவில்லை. வந்தவர்கள், பிள்ளை நல்ல அடக்கம் என்று அம்மாவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்று கிழமை கழித்து வீடியோ வந்தது. எல்லோரும் உட்கார்ந்து போட்டோம். திரையில் தங்கச்சி கம்பீரமாக வாசலுக்கு வருகிறாள். வலது காலை எடுத்து வைக்கிறாள்.

அம்மா கடலைக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார். வீடியோக்காரரிடம் யார் கேட்டிருப்பார்கள் என்பதை ஆராய வேண்டியிருக்கவில்லை. மனிதர் அந்தக் காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிவிட்டிருந்தார். சீலைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது.

தங்கச்சி படத்தை நிறுத்தினாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து திரைக்குக் கிட்டப் போய், தனக்குப் பின்னால் நின்ற ஹட்செப்சுட்டுகளைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் இடது காலை முன்னே வைத்திருந்தார்கள்.

“சிலை சரியா வந்திட்டுது, அக்கா.”

“ஓம். நீதான் பிழையா வந்திருக்கிறாய்.”

“பரவாயில்லை,” என்றாள். “முந்நூறு பேர் நேரிலை பாத்தவைதானே.”