நாற்காலி முதுகில் பச்சை எழுத்து

என் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி இருந்தது. அது இன்றும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபித்த உடனே புள்ளி மறைந்துவிட்டது என்று எங்கள் சபையில் ஒரு பேச்சு நடக்கிறது. மறையவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்தது வேறு. விசுவாசிகளாகிய உங்கள் முன் அதை நடந்தபடியே வைக்கிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கள் ஊர். நான் ஒரு நாளிதழின் பகுதிச் செய்தியாளர். பிறர் வீட்டுத் துயரத்தை நாலு வரியில் எழுதிப் பழகியவன்.

போன ஐப்பசியில் இருமல் விடவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டினார். வலது பக்கம், மேல் விலா எலும்புகள் இரண்டுக்கு நடுவே, மிளகு அளவில் வெள்ளையாக ஒன்று. பேனா முனையை அதன்மேல் வைத்தார். வைத்த பேனாவை எடுக்கவில்லை.

பிறகு, வீட்டில் யாருக்காவது நெஞ்சில் நோய் உண்டா என்று கேட்டார்.

"அண்ணனுக்கு" என்றேன்.

அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். பீடி, சிகரெட் தொடாதவர். அவருக்கும் இப்படி ஒரு படத்தில், ஒரு புள்ளியில்தான் தொடங்கியது.

"பழய எக்ஸ்ரே வல்லதும் உண்டோ?" என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார், பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று. முன்பும் இதே அளவில் இருந்திருந்தால் பயப்பட வேண்டாம். புதிதாக வந்ததென்றால் முதுகு வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பழைய படம் ஒன்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒற்றசேகரமங்கலம் சாலையில் பைக் சறுக்கி விழுந்தபோது எடுத்தது. எடுத்த மருத்துவமனை இப்போது இல்லை. நானும் என் மனைவி ஜெசியும் அலமாரி, கட்டிலடி, பரண் எல்லாம் தேடினோம்.

"ஆருக்கோ எடுத்துக் குடுத்த மாதிரி ஒரு ஓர்ம உண்டு" என்றாள் ஜெசி. "ஆருக்குன்னுதான் தெரியேல்ல."

அவள் தன் தோழி ஒருத்தியிடம் 'ஒரு புள்ளி' என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், 'புற்றுநோயோடு போராடும் நம் சகோதரருக்காக' ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. உறுதிசெய்யாத செய்தியை நாங்கள் அச்சுக்கு அனுப்பமாட்டோம். என்னைப் பற்றிய செய்தி என் கண்முன்னே வெளியானது. எழுந்து மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அது உண்மையாக இருந்துவிட்டால்?

ஆரஞ்சும் ரொட்டியுமாக ஆட்கள் வந்தார்கள். வழக்குப் போட்டு என்னோடு பேசாமலிருந்த சித்தப்பா மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். எக்ஸ்ரேயைவிட அது என்னைப் பயமுறுத்தியது. "ஆளு பாதியாயிட்டாரு, கண்டியா?" என்று ஒரு பெண் வாசலில் சொல்வது கேட்டது. அன்று காலைதான் எடை பார்த்திருந்தேன். ஒரு கிலோ கூடியிருந்தது.

ஜெபிக்க உட்கார்ந்தால் அண்ணனின் கடைசி மாதத்து மூச்சுச் சத்தம்தான் காதில் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். ஆலயப் பணியாளர் தங்கையன் அண்ணன் சபை நாற்காலிகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அவை எங்கள் முற்றத்துக்குக் கடைசியாக வந்தது என் அண்ணனின் அடக்கத்துக்கு.

"அதே நாக்காலியா அண்ணே?" என்றேன்.

"நாக்காலிக்கு என்ன தெரியும் மக்கா, கல்யாண வீடா துக்க வீடான்னு? நீ சும்ம கெட. தெகையாட்டா இன்னும் கொண்டு வாறேன்."

சபை மூப்பர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாரும் முழங்காலிட்டார்கள். நானும் முழங்காலிட்டு, முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். 'ஆண்டவரே, இது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். எதுவானாலும் சரி.' அவ்வளவுதான் என்னால் கேட்க முடிந்தது. கண்ணை மூடினால் புள்ளி தெரிந்தது. அதனால் திறந்தே வைத்திருந்தேன்.

கண்ணுக்கு நேரே, நாற்காலி முதுகில், பச்சைப் பெயின்டில் எங்கள் ஆலயத்தின் பெயர். தகட்டில் எழுத்தை வெட்டி, மேலே பெயின்ட் தடவி எழுதியது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீடுகளிலும் எங்கள் நாற்காலிகள் பிறர் நாற்காலிகளோடு கலந்துபோகின்றன என்று ஒரு வருடம் தங்கையன் அண்ணன்தான் இதைச் செய்தார். எழுத்து வெட்டத் தோதான தகடு கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"தங்கையண்ணே, இந்த எழுத்து எதுல வெட்டினது?"

மூப்பர் பாதியில் நிறுத்திவிட்டார். தங்கையன் அண்ணன் கண்ணைத் திறக்காமல், "ஜெபம் நடக்குதுலே" என்றார்.

"சொல்லுங்கண்ணே!"

"எக்ஸ்ரே படத்துல. ஒனக்க வீட்டுல வாங்கினதாக்கும். ஏன், நீயும் நாக்காலி வாங்கிப் பேரெழுதப் போறியா?"

"அய்யோ ஆண்டவரே, நான்தானே எடுத்துக் குடுத்தேன்!" என்று ஜெசி வாய்விட்டு அழுதாள்.

உடனே ஆலயத்துக்குப் போய்த் தேடினோம். அலமாரிக்குப் பின்னால் படம் சுருண்டு கிடந்தது. முழுக்கக் காய்ந்த பச்சைப் பெயின்ட். புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தை வெட்டியிருந்தால் எல்லாம் போயிற்று. தங்கையன் அண்ணன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மெல்லத் துடைத்தார். மூலையில் என் பெயரும் வருடமும் தெரிந்தன. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். விளக்கைப் போட்டதும், வெட்டிய எழுத்துகள் வழியாக வந்த வெளிச்சத்தில் கண் கூசியது. என் நெஞ்சின் கீழ்ப்பாதியில் எங்கள் ஆலயத்தின் பெயர். அதற்குச் சற்று மேலே, வெட்டுப்படாத இடத்தில், புள்ளி. அளந்து பார்த்தார். அதே இடம், அதே அளவு.

"ஒம்பது கொல்லமாயிட்டு அனங்கிட்டில்ல" என்றார். "பேடிக்கண்டா." ஒன்பது வருடமாக அது அசையவில்லை, பயப்பட வேண்டாம்.

பைக்கில் விழுந்த அன்று விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். பிறகு எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது: எப்போதோ வந்து தானாக ஆறிய ஒரு நோயின் தழும்பு. இருமல் வெறும் சளி. அந்தப் பழைய நோய் எது, எப்போது வந்தது, எனக்குத் தெரியாது. வந்தது தெரியாததால் அதற்காக யாரும் ஜெபிக்கவும் இல்லை. ஆற்றியவர் யாரென்று மட்டும் எனக்குத் தெரியும்.

என் அண்ணனுக்காகவும் இதே மூப்பர் இதே முற்றத்தில் ஜெபித்தார். அண்ணன் போய்விட்டார். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இருப்பதுபோல் எழுதவும் மாட்டேன். புள்ளியைக் கவனித்துக்கொள்ள வருடத்துக்கொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த அறைக்குள் போக இன்னும் பயம்தான். ஆனால் தனியாகப் போவதில்லை.

இப்போது சபை நாற்காலிகள் எந்த வீட்டுக்குப் போனாலும் தங்கையன் அண்ணனோடு ஆட்டோவில் நானும் ஏறிக்கொள்கிறேன். இறக்கி வைக்கிறேன், அந்த வீட்டாரோடு முழங்காலிடுகிறேன். முன்பு அப்படிப்பட்ட வீடுகளுக்குச் செய்தி எடுக்க மட்டுமே போவேன்.

அன்பானவர்களே, அந்த நாற்காலிகள் ஒருநாள் உங்கள் முற்றத்திலும் இறங்கும். எதற்காக என்று அன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பயத்தோடேயே முழங்காலிடுங்கள். உள்ளதைக் கேளுங்கள். கண்ணை மூட முடியாவிட்டால் திறந்தே இருக்கட்டும், அவர் அதையும் பொறுத்துக்கொள்வார். என்னைப் பொறுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.